நியூயார்க் போய்த் திரும்பிய சாப்பாட்டு அறை

வடக்கு வேல்ஸின் கடற்கரையில் லான்டட்னோ ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையம். அங்கிருந்து தெற்கே மலைகளுக்குள் ஒற்றை இருப்புப் பாதை ஒன்று பிரிகிறது. இரண்டே பெட்டிகள் கொண்ட வண்டி கான்வி ஆற்றை ஒட்டியே போகிறது. வழியில் சில நிலையங்களில் பிளாட்பாரத்தில் நிற்பவர் கை காட்டினால்தான் வண்டி நிற்கும். இறங்க வேண்டியவர் நடத்துநரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். நம்மூர் டவுன் பஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. 2019, 2020 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த புயல்களில் ஆறு இந்தப் பாதையை அரித்துத் தின்றது. ஜன்னலுக்கு வெளியே ஆற்றின் மட்டத்தையும் தண்டவாளத்தின் மட்டத்தையும் பார்த்தால், தின்னாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம் என்று தோன்றும்.

நான் இறங்கியது லான்ரூஸ்டில். மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். கடைத்தெருவில் காதில் விழும் பேச்சில் பெரும்பகுதி வெல்ஷ். ஊர்க்காரர்களிடம் ஒரு பெருமைப் பேச்சு உண்டு: வேல்ஸ், இங்கிலாந்து, அப்புறம் லான்ரூஸ்ட் என்று மூன்றாகத்தான் எண்ணுவார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தனி ஊராக அறிவிக்கப்பட்டது என்பார்கள். 1947இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் தனி இடம் கேட்டு விண்ணப்பம் போட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். எவ்வளவு தூரம் உண்மையோ, சொல்லும்போது முகத்தில் சிரிப்பே வராது.

இவ்வளவு சின்ன ஊரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறிய கட்டடங்கள் ஏராளம். வேல்ஸ் முழுக்க அப்படி முப்பதாயிரம் கட்டடங்களுக்கு மேல் உண்டு. வேல்ஸ் அரசின் தொல்லியல், மரபுப் பாதுகாப்புத் துறையான 'காடூ' பட்டியலைப் பராமரிக்கிறது. முதல் நிலை, இரண்டாம் நிலை நட்சத்திரம், இரண்டாம் நிலை என்று மூன்று தரம். முதல் நிலையில் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. பத்தில் ஒன்பது வெறும் இரண்டாம் நிலைதான். பட்டியலில் ஏறிவிட்டால் உரிமையாளர் தன் வீட்டு ஜன்னலை மாற்றுவதற்கும் உள்ளூராட்சி மன்றத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அனுமதி இல்லாமல் அதன் தன்மையைக் கெடுத்தால் அது குற்றவியல் வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பலர் நினைப்பதுபோல வெளிச்சுவரை மட்டும் காக்கும் சட்டம் அல்ல இது. உள்ளே பதித்த மரப்பலகை, படிக்கட்டு, கணப்பு, கதவு நிலை எல்லாமே கட்டடத்தோடு சேர்த்தி. வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் சுவரும் கொட்டகையும்கூட அப்படித்தான்.

சட்டத்தின் அடிப்படை எளிது. எது எங்கே இருக்கிறதோ அது அங்கேயே இருக்கட்டும். ஆனால் லான்ரூஸ்டில் பார்க்கத் தக்கவற்றில் பாதி, வேறெங்கோ இருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை.

பாலத்திலிருந்து தொடங்கலாம், அது பிறந்த இடத்திலேயே நிற்கிறது. பாண்ட் வாவ்ர், பெரிய பாலம். 1636இல் கட்டியது. மூன்று கல் வளைவுகள். நடு வளைவு மற்ற இரண்டையும் விட அகலம். ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம் என்பதோடு, நடுவில் கூன் போட்டு உயர்வதால் ஏறும் வரைக்கும் எதிரே யார் வருகிறார் என்று தெரியாது. உள்ளூர்க்காரர் ஓர் ஊகத்தில் ஏறுகிறார். வெளியூர்க்காரர் உச்சியில் மூக்கோடு மூக்கு முட்டி நின்று, பின்னால் எடுக்கிறார். நான் நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு பால் டேங்கர், ஒரு குதிரை வண்டிப் பெட்டியை இழுத்து வந்த ஜீப், கேரவன் ஒன்று என்று எல்லாம் இந்தச் சடங்கைச் செய்து முடித்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது.

கைப்பிடிச் சுவரின் நடுவில் ஓங்கி ஒரு இடி இடித்தால் பாலம் முழுக்க அதிரும் என்பது ஊர்க் கதை. இடித்துப் பார்த்தேன், அதிர்ந்தது என் தோள்தான்.

வரைந்து கொடுத்தவர் இனிகோ ஜோன்ஸ் என்கிறார்கள். இங்கிலாந்துக்கு இத்தாலியக் கட்டடக் கலையைக் கொண்டுவந்தவர், முதலாம் சார்ல்ஸ் மன்னரின் அரண்மனைக் கட்டடக் கலைஞர். எழுத்துச் சான்று கிடையாது. ஆனால் ஊகத்துக்கு ஒரு காரணம் உண்டு. இந்த வட்டாரத்தின் பெரிய குடும்பமான வின் குடும்பத்தைச் சேர்ந்த சர் ரிச்சர்ட் வின், சார்ல்ஸின் மனைவி ஹென்ரியெட்டா மரியா அரசிக்குப் பொருளாளராக இருந்தார். அரண்மனையில் இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் இருந்திருக்க முடியாது. அதற்கு மேல் போவது ஆசைதான். சின்ன ஊர்களுக்குத் தங்கள் பாலத்தைப் பெரிய பேர் ஒன்றோடு முடிச்சுப் போட ஆசை இருக்கத்தானே செய்யும். பாலமோ முதல் நிலைப் பட்டியலில் இருக்கிறது. யார் வரைந்தால் என்ன, வளைவுகளின் வரிசையைப் பார்த்தால் அந்த இடத்துக்குத் தகுதியானதுதான்.

பாலத்தைக் கடந்ததும் அந்தப் பக்கக் கரையில் ஒரு கல் வீடு. பெயரே 'தீ ஹுண்ட் இர் பாண்ட்', பாலத்துக்கு அப்பால் என்று. பதினைந்தாம் நூற்றாண்டில் குடியிருப்பாகக் கட்டி, பிறகு கொஞ்ச காலம் வழக்கு விசாரிக்கும் மன்றமாக இருந்து, இப்போது டீக்கடை. நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளையின் சொத்து. வாடகைக்கு எடுத்தவர்கள் கடை நடத்துகிறார்கள். கூரை முதல் வாசல் நிலை வரை வர்ஜீனியா கொடி மூடியிருக்கிறது. இலையுதிர் காலத்தில் அது முழுக்கச் சிவந்துவிடும். வேல்ஸின் நாட்காட்டிகளில் ஆண்டுதோறும் வரும் படம் இது. நான் போனது அக்டோபர் மாதம். பாலத்தின் மேலும் கரையிலும் கேமராவோடு நின்றவர்களின் எண்ணிக்கை உள்ளே டீ குடித்தவர்களை விட அதிகம்.

உள்ளே தலை குனிந்துதான் போக வேண்டும். உத்தரங்கள் என் நெற்றி உயரத்தில் இருக்கின்றன. பாரா ப்ரித் கேட்டேன்: உலர்ந்த திராட்சையைத் தேநீரில் ஊறவைத்துச் செய்யும் ரொட்டி, மேலே உப்பு வெண்ணெய் தடவிக் கொடுக்கிறார்கள். பரிமாறிய பெண்ணிடம் தண்ணீர் உள்ளே வருமா என்று கேட்டேன். "வரும். எதை எந்த உயரத்தில் வைக்கணும்னு எங்களுக்குத் தெரியும்" என்றார், வெகு சாதாரணமாக. 2020 பிப்ரவரியில் கியாரா புயல் வந்தபோது இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கவே நீரில் நின்றது. ஆற்றின் மீது எந்தத் தரப் பட்டியலும் செல்லுபடியாகாது.

திரும்பவும் பாலம் ஏறி ஊருக்குள் வந்தால், ஆற்றங்கரையிலேயே புனித க்ரூஸ்ட் தேவாலயம். அதற்குப் போகும் சந்தில் 1610இல் சர் ஜான் வின் கட்டிய முதியோர் இல்லம் இருக்கிறது. பதினொரு ஏழைக் கிழவர்களுக்கும் ஒரு கிழவிக்கும் இடம் என்று ஏற்பாடு. கிழவியின் வேலை மற்ற பதினொருவரையும் கவனித்துக்கொள்வது. தர்மத்திலும் கணக்குப் பார்க்கத் தெரிந்த மனிதர் போலிருக்கிறது.

தேவாலயத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது, மக்கள் அமரும் பகுதியையும் பலிபீடப் பகுதியையும் பிரிக்கும் மரத்தடுப்பு. கொடியும் இலையுமாகச் செதுக்கி, மேலே ஆள் நிற்கும் மாடம் வைத்தது. சீர்திருத்தக் காலத்தில் இப்படிப்பட்டவற்றைப் பெரும்பாலான ஊர்களில் உடைத்துப் போட்டார்கள். மிஞ்சியவை சொற்பம். இதுவும் இந்த ஊரில் செய்ததில்லை, சில மைல் வடக்கே மைனன் என்ற இடத்தில் இருந்த மடத்திலிருந்து வந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குத் தடுப்பு கிடைத்தது.

இன்னொன்றும் கிடைத்தது. தேவாலயத்தின் தென்புறம் ஒட்டினாற்போல, 1630களில் சர் ரிச்சர்ட் வின் கட்டிய குடும்ப மண்டபம் இருக்கிறது. இதற்கும் இனிகோ ஜோன்ஸ் பெயரைச் சொல்வார்கள். அதன் தரையில், எந்த மேடையும் இல்லாமல், ஒரு கல் சவப்பெட்டி. மூடி இல்லை. பக்கச் சுவர்களில் நாலிதழ்ப் பூக்கள் வரிசையாகக் குடைந்திருக்கின்றன. ஓரங்கள் கை பட்டுப் பட்டு மழுங்கியிருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வேல்ஸின் பெரும்பகுதியை ஒரு குடைக்கீழ் வைத்திருந்த மாபெரும் லிவெலினின் பெட்டி அது. இங்கிலாந்தின் ஜான் மன்னரின் மகளை மணந்து, அதே மன்னரோடு மல்லுக்கட்டியவர். உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்த நேரம் பூ மாற்றிக்கொண்டிருந்த முதியவர், "ஒன்றும் இருக்காது, எல்லோரும்தான் எட்டிப் பார்க்கிறார்கள்" என்றார்.

லிவெலின் 1240இல் கான்வி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த மடத்தில் இறந்தார், அங்கேயே அடக்கம். 1283இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் வேல்ஸைப் பிடித்தார். தன் கோட்டையைக் கட்ட அவருக்கு அந்த இடமே வேண்டியிருந்தது. துறவிகளை ஆற்றின் மேல்போக்கில் உள்ள மைனனுக்குப் போகச் சொன்னார். துறவிகள் தங்கள் அரசரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். 250 ஆண்டு கழித்து அந்த மடமும் போயிற்று. பெட்டி லான்ரூஸ்டுக்கு வந்தது. உடல் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. எட்வர்டின் கான்வி கோட்டை இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். பெயர்த்தவன் கட்டியதற்கு யுனெஸ்கோ, பெயர்க்கப்பட்டவனுக்கு இந்த மண்டபத்தின் தரை. சுவரில் வின் குடும்பத்தாரின் பித்தளை உருவத் தகடுகள் பளபளக்கின்றன. 1671இல் இறந்த சாரா வின் அம்மையாரின் முகத்தைக் கீறிய தகடு அவற்றில் தலைசிறந்தது. கழுத்துச் சங்கிலியும் முடிச்சுருளும் ஊசி முனையில் எழுந்து நிற்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அரசரைக் கொஞ்ச நேரம் மறந்துபோனேன்.

மைனன் மடத்தின் கல்லில் பெரும்பங்கு போன இடம் க்விடிர். மறுபடி பாலம், டீக்கடை, வயல் நடுவே போகும் பாதை. பத்து நிமிட நடை. க்விடிர் கோட்டை என்று பெயர், ஆனால் கோட்டை அல்ல. வின் குடும்பத்தின் மாளிகை. 1500 வாக்கில் மெரெடித் ஆப் இவான் தொடங்கினார். அடுத்த தலைமுறை மடத்தின் கல்லையும் மரத்தையும் கொண்டு பெருக்கியது. கூர்ந்து பார்த்தால் சுவரில் பொருந்தாத இடத்தில் பொருத்திய மடத்துச் செதுக்குக் கற்கள் தெரிகின்றன. அன்றைக்கு இன்றைய சட்டம் இருந்திருந்தால் மைனன் மடம் நின்றிருக்கும், க்விடிர் இந்த உருவத்தில் இருந்திருக்காது. இன்று முதல் நிலைப் பட்டியலில் இருப்பது க்விடிர்தான்.

முதியோர் இல்லம் கட்டிய ஜான் வின் இங்கே வாழ்ந்தவர். தன் குடும்ப வரலாற்றைத் தானே எழுதி வைத்தார். குத்தகைதாரர்களைக் கசக்கிப் பிழிந்தவர் என்ற பெயரும் உண்டு. அவர் ஆவி சற்றுத் தொலைவில் உள்ள ஸ்வாலோ அருவியின் அடியில் சிறைப்பட்டு, செய்த பாவத்தையெல்லாம் கழுவிக்கொண்டிருக்கிறது என்று மக்கள் ஒரு கதை கட்டினார்கள். தர்மம் செய்தும் தப்ப முடியவில்லை.

மகன் ரிச்சர்ட் 1640களில் இந்த மாளிகையில் ஒரு சாப்பாட்டு அறையை அமைத்தார். சுவர் முழுக்க ஓக் பலகை. முறுக்குத் தூண்கள் தாங்கும் கதவு நிலை. கணப்பின் மேல் செதுக்கல். பலகைக்கும் விதானத்துக்கும் நடுவே பொன் பூசிய தோல் பட்டை. 1678இல் குடும்பத்தின் வாரிசுப் பெண் இங்கிலாந்துப் பிரபு வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். அதன் பிறகு இது யாரோ ஒருவரின் பல மாளிகைகளில் ஒன்று. 1921இல் ஏலம்.

வந்தவர் அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட். அவர் நேரில் வரவில்லை, ஆட்கள் வந்தார்கள். ஐரோப்பாவின் பழைய அறைகளை அப்படியே பெயர்த்து வாங்குவது அவருக்கு ஒரு பசி. பின்னால் வேல்ஸின் தென்கரையில் செயின்ட் டொனாட்ஸ் கோட்டையையே வாங்கினார். க்விடிரின் சாப்பாட்டு அறையும் ஓக் கூடம் என்ற இன்னொரு அறையும் பலகை பலகையாகக் கழற்றப்பட்டு, பெட்டியில் அடைபட்டுக் கப்பலேறின. தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. கட்டடப் பட்டியல் முறை முழு வடிவம் பெற்றது போருக்குப் பின், 1947 சட்டத்தில். அதன் பிறகும் 1968 வரை முன்கூட்டித் தெரிவித்துவிட்டால் இடிக்க வழி இருந்தது. லான்ரூஸ்டின் நடுச் சதுக்கத்தில் நின்ற பதினேழாம் நூற்றாண்டு நகர மண்டபம் 1960களில்தான் போயிற்று. இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன.

ஏலம் முடிந்த அடுத்த ஆண்டே, 1922இல், க்விடிரில் தீப்பிடித்தது. மாளிகை கூரையிழந்து நின்றது. அறைகள் விற்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சட்டத்தை ஆதரிப்பவன் நான். ஆனாலும் க்விடிர் வாசலில் நிற்கும்போது இந்தக் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்ல நாக்கு வரவில்லை.

ஹெர்ஸ்ட் அந்த அறையைப் பிரித்துப் பார்த்தாரா என்பதே சந்தேகம். அவர் 1951இல் இறந்தார். 1956இல் அறை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போய், கிடங்கில் பெட்டியோடு பெட்டியாகக் கிடந்தது. 1994இல் பீட்டர் வெல்ஃபோர்ட், ஜூடி கார்பெட் என்ற இளம் தம்பதி பாழடைந்த க்விடிரை வாங்கிக் குடியேறினார்கள். கையில் பணம் குறைவு, தலைக்கு மேல் ஒழுகும் கூரை. ஜூடி பின்னாளில் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். இருந்த நிலையில் அவர்கள் போய் அமெரிக்காவில் தொலைந்த அறையைத் தேடினார்கள். கண்டுபிடித்தார்கள். அருங்காட்சியகம் விற்கச் சம்மதித்தது. 1996இல் பெட்டிகள் வந்து சேர்ந்தன. பிரித்து, எந்தப் பலகை எந்தச் சுவருக்கு என்று ஒத்துப் பார்த்துப் பொருத்தினார்கள். 1998இல் அன்றைய இளவரசர் சார்ல்ஸ் வந்து திறந்து வைத்தார்.

இப்போது அந்த அறையில் நிற்கலாம். மெழுகு வாசனை. ஜன்னலுக்கு வெளியே மயில்கள் அகவுகின்றன. 1625இல் முதலாம் சார்ல்ஸின் திருமண நினைவாக நட்டதாகச் சொல்லப்படும் தேவதாரு தோட்டத்தில் இன்னும் நிற்கிறது. முறுக்குத் தூண் ஒன்றின் அருகே குனிந்து பார்த்தேன். இணைப்புகளில் சந்து தெரிகிறது. அட்லாண்டிக்கை இரண்டு தடவை கடந்த மரத்தில் அதுகூட இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட அறைகளைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். அவற்றில் எப்போதும் விளக்கு மட்டும்தான் இருக்கும், வெளிச்சம் இருக்காது. இங்கே மேகம் நகர நகரப் பலகையின் நிறம் மாறுகிறது. இனி இதை யாரும் கழற்ற முடியாது. சுவரில் ஏறியதும் சட்டம் இதன் மேலும் கவிந்துவிட்டது. ஓக் கூடம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் எந்தக் கிடங்கில் இருக்கிறதோ.

கடைசியாக க்விடிருக்குப் பின்னால் காட்டுச் சரிவில் ஏறினால் க்விடிர் உச்சாவ் சிற்றாலயம். இன்னொரு சர் ரிச்சர்ட் வின் 1673இல் கட்டியது; இப்போது காடூவின் பொறுப்பில், முதல் நிலையில் இருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் தானியக் கிடங்கு என்று நினைத்துப் போய்விடுவோம். உள்ளே தலையைத் தூக்கினால் மர விதானம் முழுக்க ஓவியம்: படைப்பு, திரித்துவம், கடைசித் தீர்ப்பு, வசனப் பட்டிகளை விரித்துப் பிடித்த தேவதூதர்கள். சிவப்பும் நீலமும் இன்னும் கத்துகின்றன. வேல்ஸில் இந்தக் காலத்து விதான ஓவியம் இதற்கு இணையாக மிஞ்சியது அரிது. எனக்குப் பிடித்தது தேவதூதர்களின் கன்னங்கள். வரைந்தவருக்கு மேகம் நன்றாக வருகிறது, துணி மடிப்பு சுமாராக வருகிறது, முகம் வரவே இல்லை. எல்லோருக்கும் பல்வலி வந்ததுபோல ஒரு பக்கம் உப்பியிருக்கிறது. 1921இல் ஹெர்ஸ்டின் ஆட்கள் மலையேறி வந்து இதைப் பார்த்திருந்தாலும் விலை பேசியிருக்க மாட்டார்கள்.